ஒளி காட்டும் நஞ்சு

மழை சற்று ஓய்ந்த நேரம். புரோத்ராபூரில் சாலை ஓரத்துப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய படலம் தெரிகிறது. அதில் நீலம், பச்சை, சிவப்பு என்று பல நிறங்கள் மின்னுகின்றன. சிறுவர்கள் குனிந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

அந்த வழியாக வருபவர் என்ன நினைப்பார்? யாரோ டீசலைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைப்பார். அது சரியாகவும் இருக்கலாம். தவறாகவும் இருக்கலாம்.

இரும்புச் சத்து நிறைந்த சதுப்பு மண்ணில் ஒரு வகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவையும் தண்ணீரின் மேல் இதே போன்ற படலத்தை உண்டாக்கும். அதிலும் வானவில் நிறம் தெரியும். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? ஒரு குச்சியை எடுத்துப் படலத்தைக் கலக்கிப் பார்க்க வேண்டும். படலம் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால், அது நுண்ணுயிரின் வேலை. உடைந்த படலம் மறுபடியும் ஒன்றாகக் கூடினால், அது எண்ணெய்.

இது ஒரு சிறு சோதனை. செலவே இல்லை. ஆனால் இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கண்ணால் பார்த்தது மட்டும் போதாது. சோதித்தும் பார்க்க வேண்டும்.

மண்ணிலும் தண்ணீரிலும் கலந்த நஞ்சைக் கண்டுபிடிக்க இன்று பல கருவிகள் இருக்கின்றன. அவற்றில் பல, ஒளியைக் கொண்டு வேலை செய்கின்றன. கையில் எடுத்துப் போகலாம். நின்ற இடத்திலேயே விடை தெரியும். அந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன? அவற்றை எவ்வளவு நம்பலாம்? பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரிந்த நஞ்சு

தமிழ்நாட்டில் பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை என்ற ஊர் இருக்கிறது. அங்கே குரோமியம் என்ற உலோகத்தின் உப்புகளைத் தயாரித்த ஓர் ஆலை இருந்தது. தோல் பதனிட இந்த உப்பு தேவைப்படும். அந்த ஆலை 1990களில் மூடப்பட்டது. ஆலை போய்விட்டது. கழிவு மட்டும் போகவில்லை. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு அங்கேயே மலை போலக் கிடந்தது.

மழை பெய்தது. மழை நீர் கழிவின் மேல் ஓடியது. குரோமியத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு நிலத்துக்குள் இறங்கியது. நிலத்தடி நீர் மஞ்சளாக மாறியது. அதைப் பார்த்தவர்கள் கெட்ட தண்ணீர் என்று தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் ஆலையில் இருந்து தள்ளிப் போகப் போக மஞ்சள் நிறம் மங்கும். ஒரு கட்டத்தில் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அப்படியானால் நஞ்சு இல்லை என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. ஒரு லிட்டர் குடிநீரில் குரோமியம் 0.05 மில்லிகிராம் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு வரையறுத்திருக்கிறது. அந்த அளவை நம் கண் காணாது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

இன்னோர் ஊரின் கதை இது. அந்த ஊர் கொடைக்கானல்.

காய்ச்சல் பார்க்கும் பழைய தெர்மாமீட்டரைப் பலர் பார்த்திருப்பார்கள். அதன் நுனியில் வெள்ளி போல மின்னுவது பாதரசம். 1980களில் அமெரிக்காவில் இருந்த ஒரு தெர்மாமீட்டர் ஆலை அங்கே மூடப்பட்டது. அதன் இயந்திரங்கள் கொடைக்கானலுக்கு வந்தன. பிறகு அந்த ஆலை ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. தெர்மாமீட்டர்கள் இங்கே தயாராகி வெளிநாட்டுக்குப் போயின.

ஆலைக்குக் கீழே சரிவு. சரிவில் பாம்பாறு சோலைக்காடு. ஆலையில் வேலை செய்தவர்கள் கொடைக்கானலைச் சேர்ந்தவர்கள்.

2001 மார்ச் மாதம் ஊர் மக்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடை. அங்கே உடைந்த தெர்மாமீட்டர்க் கண்ணாடி டன் கணக்கில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. கண்ணாடியில் பாதரசம் ஒட்டியிருந்தது. மக்கள் திரண்டு போராடினார்கள். அதே மாதம் ஆலை மூடப்பட்டது.

பாதரசம் விந்தையான பொருள். அது உலோகம். ஆனால் தண்ணீர் போல ஓடும். வெயில் படாமலே, அடுப்பில் வைக்காமலே, மெல்ல மெல்ல ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறம் இல்லை. வாசனையும் இல்லை. மூச்சோடு உள்ளே போகும். மூளையையும் நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

நீரில் சேர்ந்த பாதரசம் வேறு விதமாகக் கெடுதல் செய்யும். சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மேலும் கொடிய நஞ்சாக மாற்றும். அதைச் சிறு பூச்சி தின்னும். பூச்சியை மீன் தின்னும். மீனை மனிதர் தின்பார்கள். ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் இப்படித்தான் நடந்தது. அங்கே ஓர் ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. 1956ஆம் ஆண்டில் அந்த நோய் வெளியே தெரிந்தது. மீன் தின்ற மக்கள் கை கால் நடுங்கி, பேச்சுத் தடுமாறி, பலர் இறந்தார்கள்.

கொடைக்கானலில் அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் சோதனை செய்தார்கள். கொடைக்கானல் ஏரியின் தண்ணீர், அடிச்சேறு, மீன் ஆகியவற்றை எடுத்தார்கள். மரத்தில் ஒட்டி வளரும் பாசியையும் எடுத்தார்கள். பாதரசம் அதிகமாக இருப்பது தெரிந்தது. ஏரியைப் பற்றிய ஆய்வு 2006ல் வெளியானது.

தண்ணீர் தெளிவாக இருந்தது. காற்று குளிர்ச்சியாக இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் படகில் போனார்கள். யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பாதரசத்தைக் காட்டிக் கொடுப்பது ஒளிதான்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிறக் கோடு

வெள்ளை ஒளி ஒரே ஒளி அல்ல. பல நிறங்கள் சேர்ந்ததே வெள்ளை ஒளி. மழைத்துளி அதைப் பிரிக்கும்போது வானவில் தோன்றுகிறது. முப்பட்டைக் கண்ணாடியும் இப்படிப் பிரிக்கும். 1660களில் ஐசக் நியூட்டன் இதைச் சோதித்துக் காட்டினார். இப்படிப் பிரிந்து வரிசையாக நிற்கும் நிறங்களுக்கு நிறமாலை என்று பெயர்.

இந்த வரிசை நாம் காணும் சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிகிறது. ஆனால் ஒளி அத்தோடு முடியவில்லை. ஊதாவுக்கு அப்பாலும் ஒளி உண்டு. அது நம் கண்ணுக்குத் தெரியாது. அதன் பெயர் புற ஊதா ஒளி.

இனி அடுப்படிக்குப் போவோம். கேஸ் அடுப்பு நீலமாக எரிகிறது. உப்புப் போட்ட குழம்பு பொங்கித் தீயில் விழுகிறது. உடனே தீ மஞ்சளாக மாறுகிறது. ஏன்? உப்பில் சோடியம் இருக்கிறது. சோடியம் சூடானால் மஞ்சள் ஒளிதான் விடும். உலகத்தில் எந்த அடுப்பில் விழுந்தாலும் அதே மஞ்சள்தான். தீபாவளி மத்தாப்பில் பச்சை நிறம் வருவது பேரியம் என்ற பொருளால். சிவப்பு வருவது ஸ்ட்ரான்சியத்தால்.

ஆளுக்கு ஆள் கைரேகை வேறு. பொருளுக்குப் பொருள் நிறக் கோடு வேறு. கைரேகையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது போல, நிறக் கோட்டைப் பார்த்துப் பொருளைக் கண்டுபிடிக்கலாம்.

1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் வந்தது. ஆந்திராவில் உள்ள குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் விஞ்ஞானிகள் கூடி, சூரியனின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டில் சூரிய ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோடு, அதுவரை தெரிந்த எந்தப் பொருளுக்கும் பொருந்தவில்லை. அது ஒரு புதிய பொருள் என்று முடிவு செய்தார்கள். அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் அந்த வாயு 1895ல்தான் கைக்குக் கிடைத்தது. ஒளியைக் கொண்டு, கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள பொருளையே அறிய முடிந்தது. அப்படியானால் காலடி மண்ணில் உள்ள பொருளை அறிய முடியாதா?

மூன்று வழிகள்

ஒளியைக் கொண்டு நஞ்சைத் தேட மூன்று முக்கிய வழிகள் உண்டு.

முதல் வழி, ஒளியை விழுங்குதல்.

அடுப்படியில் புகை நிறைந்தால் எதிர்ச் சுவரில் உள்ள பல்பு மங்கலாகத் தெரியும். புகை கூடக் கூட வெளிச்சம் குறையும். பாதரசம் அளக்கும் கருவி இப்படித்தான் வேலை செய்கிறது. பாதரச ஆவி எல்லா ஒளியையும் விழுங்காது. புற ஊதாவில் குறிப்பிட்ட ஓர் ஒளியைத்தான் நன்றாக விழுங்கும். அந்த ஒளிக்கு விஞ்ஞானிகள் 253.7 நானோமீட்டர் என்று எண் கொடுத்திருக்கிறார்கள். தெருவில் வீட்டுக் கதவு எண் போல இது பாதரசத்தின் எண்.

கருவியின் ஒரு முனையில் இந்த ஒளியைத் தரும் விளக்கு இருக்கும். மறு முனையில் ஒளியை அளக்கும் கண் இருக்கும். நடுவே ஒரு குழாய். சிறு பம்பு சுற்றுப்புறக் காற்றை அந்தக் குழாய்க்குள் இழுக்கும். காற்றில் பாதரசம் இருந்தால் ஒளி குறையும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, எவ்வளவு பாதரசம் என்று கருவி எண்ணாகக் காட்டும். கையில் தூக்கிப் போகும் அளவிலும் இந்தக் கருவிகள் வந்துவிட்டன. தரையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். எந்த இடத்தில் எண் ஏறுகிறதோ, அந்த இடத்தில் சந்தேகம்.

தண்ணீரில் உள்ள குரோமியத்துக்கும் இதே வழிதான். ஆனால் அதற்கு ஒரு துணை மருந்து வேண்டும். தெளிந்த தண்ணீரில் அந்த மருந்தைச் சேர்த்தால், கெட்ட வகைக் குரோமியம் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நஞ்சு. நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். சிறு கருவியில் வைத்து ஒளியைச் செலுத்தியும் அளக்கலாம்.

இரண்டாம் வழி, ஒளிர்தல்.

கடையில் ஐநூறு ரூபாய் நோட்டை ஊதா விளக்கின் கீழ் காட்டுகிறார்கள். நல்ல நோட்டில் சில இழைகளும் எண்களும் பளிச்சென்று ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு, தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிறது அந்த மை.

டீசலிலும் என்ஜின் எண்ணெயிலும் உள்ள சில பொருள்களுக்கும் இந்தக் குணம் உண்டு. புற ஊதா ஒளி பட்டால் அவை ஒளிரும். சுத்தமான மணல் பெரும்பாலும் ஒளிராது. இந்தக் குணத்தை வைத்து ஒரு கருவி செய்திருக்கிறார்கள். நீண்ட இரும்புக் கம்பி. அதன் நுனிக்கு அருகே பொத்தான் அளவுக்கு ஒரு ஜன்னல். சாதாரணக் கண்ணாடி மண்ணில் உரசித் தேய்ந்துவிடும். அதனால் நீலக்கல் வகையைச் சேர்ந்த கடினமான கல்லை ஜன்னலாகப் பொருத்துகிறார்கள். கம்பியை இயந்திரத்தால் மண்ணுக்குள் அழுத்துவார்கள். ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளி மண்ணில் படும். எண்ணெய் இருந்தால் மண் ஒளிரும். அந்த ஒளி மேலே வரும். எத்தனை அடி ஆழத்தில் எண்ணெய் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நின்ற இடத்திலேயே தெரியும். அமெரிக்காவில் 1990களில் இருந்து பெட்ரோல் பங்குகளிலும் ராணுவ நிலங்களிலும் இதைப் பயன்படுத்தி வருகிறார்கள்.

எண்ணெய்க் கசிவு நம் நாட்டுக்குப் புதிது அல்ல. 2013ல் சென்னை தண்டையார்பேட்டையில் சில வீடுகளின் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்து வந்தது. தரைக்குக் கீழே போன பழைய எண்ணெய்க் குழாயில் கசிவு என்று பிறகு தெரிந்தது. எண்ணெய் மண்ணுக்குள் எந்தப் பக்கம் போகும், எவ்வளவு தூரம் போகும் என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில்தான் உள்ளே பார்க்கும் கருவி வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வழி, சிதறுதல்.

இதைக் கண்டுபிடித்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன். 1921ல் அவர் கப்பலில் வந்துகொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார். ஆராய்ந்தார். ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருவதைக் கண்டார். எவ்வளவு மாறுகிறது என்பது பொருளுக்குப் பொருள் வேறு. இதை 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கண்டறிந்தார். 1930ல் நோபல் பரிசு கிடைத்தது. பிப்ரவரி 28ஆம் நாளைத்தான் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

இன்று டார்ச் லைட் போலக் கையில் பிடிக்கும் இராமன் கருவிகள் இருக்கின்றன. குப்பை மேட்டில் பெயர் இல்லாத புட்டி ஒன்று கிடக்கிறது. உள்ளே என்னவோ திரவம். மூடியைத் திறந்தால் ஆபத்து. திறக்கவே வேண்டாம். கண்ணாடி வழியாக லேசர் ஒளியைச் செலுத்தினால் போதும். கருவி தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, இன்ன பொருள் என்று சொல்லும்.

சலித்து எடுப்பது

இந்தக் கருவிகளை ஓர் இடத்தில் எப்படிப் பயன்படுத்துவார்கள்?

ஒரு பழைய ஆலை நிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து ஏக்கர். எல்லா மண்ணையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப முடியாது. செலவு ஆகும். காலம் ஆகும். அதற்காக நாலைந்து இடங்களில் மட்டும் மண் எடுத்தால் என்ன ஆகும்? நஞ்சு உள்ள இடம் தப்பிவிடலாம். கல் உள்ள அரிசியில் ஒரு பிடி எடுத்துப் பார்த்து, கல்லே இல்லை என்று சொல்வது போல ஆகும்.

எனவே முதலில் சலிக்கிறார்கள். நிலத்தில் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் கருவியை வைத்து எண்ணைக் குறிக்கிறார்கள். எண் அதிகம் உள்ள சதுரத்துக்குச் சிவப்பு. நடுத்தரமானதற்கு மஞ்சள். குறைந்ததற்குப் பச்சை. ஒரே நாளில் நிலத்தின் படம் கிடைத்துவிடும்.

பிறகு சிவப்புச் சதுரங்களில் மண் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். பச்சைச் சதுரங்களிலும் சிலவற்றில் எடுக்க வேண்டும். கருவி சொன்னது சரியா என்று தெரிய வேண்டும் அல்லவா? அத்துடன் ஆலைக்குச் சம்பந்தம் இல்லாத தூரத்து இடத்திலும் மண் எடுக்க வேண்டும். அந்த வட்டாரத்து மண்ணில் இயற்கையாகவே எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

கருவியும் ஏமாறும்

கருவி சொல்வது முதல் தகவல். அதுவே தீர்ப்பு அல்ல.

எண்ணெயைத் தேடும் புற ஊதா ஒளியை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் மட்டும் ஒளிர்வதில்லை. மட்கிய இலைச் சேறும் ஒளிரும். சிப்பியும் கிளிஞ்சலும் ஒளிரும். அந்தமான் மண்ணில் பல இடங்களில் பவளத் துண்டும் சிப்பியும் கலந்திருக்கின்றன. இங்கே கருவி ஒளிர்வைக் காட்டினால் உடனே எண்ணெய் என்று சொல்லிவிடக் கூடாது. எண்ணெய் ஒளிரும் விதம் வேறு, சிப்பி ஒளிரும் விதம் வேறு. பழகியவர் பார்த்தால் பெரும்பாலும் வேறுபாடு தெரியும்.

பாதரசக் கருவி காற்றில் வந்த ஆவியைத்தான் பார்க்கும். நல்ல வெயிலில் ஆவி அதிகம் எழும். மழை நாளில் குறையும். மண்ணுக்கு அடியில் இறுகிக் கிடக்கும் பாதரசம் கருவிக்குத் தெரியாமல் போகலாம். எனவே எண் குறைவாக இருக்கிறது என்பதாலேயே இடம் சுத்தம் என்று சொல்ல முடியாது.

அதனால்தான் இரண்டு படிகளும் வேண்டும். முதலில் களத்தில் கருவி. பிறகு ஆய்வுக்கூடம். முதல் படி இல்லாவிட்டால் எங்கே தேடுவது என்று தெரியாது. இரண்டாம் படி இல்லாவிட்டால் கண்டது உண்மையா என்று தெரியாது.

கொடைக்கானலில் பிறகு என்ன நடந்தது?

2003ல் பாதரசம் கலந்த கழிவு சுமார் 290 டன் அமெரிக்காவுக்குக் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் ஆலை நிலத்து மண்ணில் கலந்த பாதரசத்தை மூட்டை கட்டி அனுப்ப முடியவில்லை.

முன்னாள் தொழிலாளர்கள் தங்கள் நோய்க்கு ஆலைதான் காரணம் என்றார்கள். நிறுவனம் அதை ஏற்கவில்லை. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2016 மார்ச் மாதம் 591 தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு இது நடந்தது.

மண்ணைச் சுத்தம் செய்வதிலும் வாதம் எழுந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று அளவு வைக்கப்பட்டது. அதாவது 50 கிலோ மூட்டை மண்ணில் 1 கிராம். கீழே சோலைக்காடும் ஓடையும் இருப்பதால் இந்த அளவு போதாது, இன்னும் குறைக்க வேண்டும் என்று மக்கள் அமைப்புகள் கேட்டன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் கண்டுபிடித்தது கருவி அல்ல. ஊர் மக்கள்தான். பழைய சாமான் கடையில் கிடந்த மூட்டையை ஏன் என்று கேட்டவர்கள் அவர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் விஞ்ஞானிகள் வந்தார்கள். அளவு தெரிந்தது. அளவு தெரிந்த பிறகு, எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும் என்று எண்ணைச் சொல்லி வாதாட முடிந்தது.

தீவுக்கு இது ஏன் தேவை?

புரோத்ராபூரில் இருந்து சென்னைக்குக் கடல் வழி சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் பயணம். பெரிய சோதனைக்கு மண்ணையோ தண்ணீரையோ கடல் தாண்டி அனுப்ப வேண்டி வந்தால் நாளாகும். பணமும் ஆகும். எனவே எதை அனுப்புவது என்று இங்கேயே சலித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

தீவில் மழையும் அதிகம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. மேட்டில் கொட்டியது பள்ளத்துக்கு வரும். பள்ளத்தில் இருந்து ஓடைக்குப் போகும். ஓடை கடலில் கலக்கும். கடலில் இருந்துதான் மீன் வருகிறது. கப்பலில் தீவுக்கு வந்த பேட்டரியும் பெயின்ட் டப்பாவும் டியூப்லைட்டும் பழையதான பிறகு திரும்பிப் போவது கடினம். இங்கேயே எங்காவது ஒரு மூலையில் கிடக்கும்.

டியூப்லைட்டைப் பற்றி ஒரு செய்தி. அதற்குள் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அந்தப் பாதரச ஆவி அதே 253.7 எண் ஒளியைத் தருகிறது. குழாயின் உள்ளே பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கிக்கொண்டு, நாம் காணும் வெள்ளை வெளிச்சமாகத் தருகிறது. பாதரசக் கருவியின் கதை நம் வீட்டு உத்தரத்திலேயே தொங்குகிறது. எல்.இ.டி. விளக்கில் பாதரசம் இல்லை.

டியூப்லைட் உடைந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். குழந்தைகளை வெளியே அனுப்ப வேண்டும். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பெருக்கினால் பொடியும் பாதரசமும் பரவும். கெட்டி அட்டையால் துண்டுகளைத் தள்ளி எடுக்க வேண்டும். ஈரத் துணியால் தரையைத் துடைக்க வேண்டும். எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போட்டுத் தனியே வைக்க வேண்டும். எரிக்கக் கூடாது. ஓடையில் எறியக் கூடாது.

மக்கள் என்ன செய்யலாம்?

தண்ணீர்ச் சோதனையை மக்களே செய்யலாம். 2019ல் மத்திய அரசு ஜல் ஜீவன் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும். அந்தப் பெட்டியில் மருந்துச் சொட்டும் நிற அட்டையும் இருக்கும். மருந்து விட்டு, மாறிய நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். படித்த பெண்தான் செய்ய முடியும் என்பது இல்லை. எண்ணைப் படிக்கவும் எழுதி வைக்கவும் தெரிந்தால் போதும்.

மண்ணுக்கும் ஒரு சட்ட வழி வந்திருக்கிறது. 2025 ஜூலை மாதம் மாசுபட்ட இடங்களைக் கையாள்வதற்கு மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. நஞ்சு கலந்திருக்கலாம் என்று சந்தேகம் உள்ள இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியல் எடுத்து அனுப்ப வேண்டும். பிறகு முதல்கட்டச் சோதனை. அதில் சந்தேகம் உறுதியானால் விரிவான சோதனை. முதலில் சலிப்பது, பிறகு உறுதி செய்வது என்ற அதே முறைதான் விதியிலும் இருக்கிறது.

பட்டியல் எடுப்பவருக்கு ஊரின் பழைய கதை தெரியாது. எங்கே முன்பு எண்ணெய்ப் பீப்பாய் வைத்திருந்தார்கள், எங்கே பேட்டரியை உடைத்தார்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் வாடை வந்தது என்று ஊரில் வாழ்பவர்களுக்குத்தான் தெரியும். அதை எழுதிக் கொடுக்கலாம். தேதி, இடம், கண்டது என்ன, முகர்ந்தது என்ன என்று நான்கு வரி போதும். கீழே பலர் கையெழுத்திட வேண்டும். அந்தமான் நிக்கோபார் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதன் நகலை அனுப்பலாம்.

சோதனை நடந்தால் முடிவைக் கேட்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் அதைக் கேட்டுப் பெறலாம். முடிவில் எண்கள் இருக்கும். அந்த எண்ணோடு அனுமதித்த அளவையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ஒரு லிட்டர் குடிநீரில் பாதரசம் 0.001 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. புள்ளிக்குப் பிறகு எத்தனை சுழி என்று எண்ணிப் பார்க்கத் தெரிந்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

மறுபடியும் மழை வரும். புரோத்ராபூரின் பள்ளத்தில் மறுபடியும் வானவில் படலம் தெரியும். அப்போது ஒரு குச்சியை எடுத்துக் கலக்கிப் பார்ப்போம். படலம் உடைந்தபடியே நின்றால் அச்சம் இல்லை. மீண்டும் ஒன்று கூடினால், எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்ப்போம். கண்டதை அன்றே எழுதி வைப்போம்.

பேசிப் பாருங்கள்

1. தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று சொல்லலாமா? ஏன்?

2. கருவி குறைந்த எண்ணைக் காட்டினாலும் ஆய்வுக்கூடச் சோதனை ஏன் தேவை?

3. உங்கள் வீட்டில் பழைய பேட்டரியையும் டியூப்லைட்டையும் எங்கே போடுகிறீர்கள்?

4. உங்கள் ஊரில் சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் எது? அதைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள்.